வாக்கியம் எப்படிப் புரிகிறது? தாய்மொழிக்காரரும் புதிதாகக் கற்பவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களும், வடக்கிலிருந்து வங்கி வேலைக்கோ நடவு வேலைக்கோ வந்தவர்களுக்குத் தமிழ் பழக்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்தால் சிக்கல் எங்கே என்று காதே சொல்லிவிடும்.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? அதுவரை பொருள் புரியாமல் காத்திருக்கிறோமா?

இல்லை. "கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் தண்ணீரை" என்று யாராவது ஆரம்பித்து நிறுத்தினால், "திறந்துட்டாங்களா?" என்று நீங்களே முடித்துவிடுவீர்கள். அதையே "வெண்ணாற்றில் தண்ணீர்" என்று நிறுத்தினால் பெரும்பாலும் "வந்துடுச்சா?" என்றுதான் வாயில் வரும். வித்தியாசம் ஓர் ஐ உருபு மட்டுமே. அதைக் கேட்ட மாத்திரத்தில், செய்தவர் வேறு யாரோ, தண்ணீர் செயப்படுபொருள், வரப்போவது செயப்படுபொருள் குன்றாத வினை என்று மூன்று முடிவுகள் ஆகிவிடுகின்றன. வினை வந்து அந்த ஊகத்தை உறுதி செய்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான். கமிதே, ஆல்ட்மன், ஹேவுட் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டல் பணிப்பெண், வாடிக்கையாளர், பர்கர் எல்லாம் இருக்கும் படத்தைக் காட்டி வாக்கியத்தை ஒலிக்கவிட்டு, கேட்பவரின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். "பணிப்பெண் வாடிக்கையாளருக்கு" என்ற அளவில் கேட்டதுமே, பர்கர் என்ற சொல் வருமுன் கண் பர்கருக்குப் போனது. "வாடிக்கையாளரை" என்று கேட்டபோது அந்த அளவுக்குப் போகவில்லை. குவ்வுக்கும் ஐக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை நகர்த்துகிறது.

அப்படியானால் கற்பவரிடம் என்ன குறைகிறது? அவருக்கும் உருபு தெரியுமே?

தெரியும். பரீட்சையில் சரியாகவும் எழுதுவார். ஆனால் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த உருபைப் பிடித்து முன்னால் தாவ மாட்டார். மேலே சொன்ன ஜப்பானியச் சோதனையின் மாதிரியில் மிட்சுகியும் மக்வின்னியும் 2016இல் ஒன்று செய்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள மாணவர்களிடம் அந்த முன்கூட்டிய பார்வை தெரியவில்லை. இலக்கணம் தெரியாததால் அல்ல. தெரிந்ததை உரிய கணத்தில் எடுத்துப் பயன்படுத்த முடியாததால்.

இதற்குத் தமிழிலேயே பொருத்தமான பெயர் இருக்கிறது. நன்னூல் செய்யுளுக்கு எட்டுப் பொருள்கோள் சொல்கிறது. சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் இடையறாமல் ஓடினால் ஆற்றுநீர்ப் பொருள்கோள். பல அடிகளில் கிடக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பொருளுக்கு ஏற்பச் சேர்த்துக்கொண்டால் கொண்டுகூட்டு. பவணந்தியார் மனித மூளையைப் பற்றிச் சொல்லவில்லை, செய்யுளைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் தாய்மொழிக்காரர் ஆற்றுநீராகப் படிக்கிறார், கற்பவர் கொண்டுகூட்டாகப் படிக்கிறார் என்றால் விஷயம் அதிகம் கெடாது. நம் ஆங்கில வகுப்புகள் வேண்டுமென்றே கொண்டுகூட்டைத்தான் பழக்குகின்றன. "முதலில் வெர்பைக் கண்டுபிடி, பிறகு சப்ஜெக்ட்டைத் தேடு" என்று சொல்லிக்கொடுத்தால் தேர்வில் மார்க் வரும், பேச்சு காதில் நிற்காது.

தாய்மொழிக்காரர் தவறாகவே படிக்க மாட்டாரா?

தினமும் படிக்கிறார். 1970இல் தாமஸ் பீவர் கொடுத்த ஆங்கில வாக்கியம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." குதிரை ஓடியது என்று முடிவு கட்டியபின் "ஃபெல்" வந்து நிற்கும். களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். ஆங்கிலேயரே தடுமாறுவார்கள்.

தமிழில் இந்தக் குதிரைக்கு வேலை இல்லை. "ஓட்டப்பட்ட" என்பது குதிரைக்கு முன்னாலேயே வந்துவிடும். நமக்குக் குழி வேறு இடத்தில் இருக்கிறது.

"கந்தன் வாழைக்கன்றை நட்ட ஆளைத் திட்டினான்."

மெதுவாகப் பாருங்கள். "கந்தன் வாழைக்கன்றை" என்றதும் கந்தன்தான் கன்றுக்கு ஏதோ செய்யப்போகிறான். "நட்ட" வருகிறது. நட்டான் என்று முடியவில்லை, பெயரெச்சமாகத் தொங்குகிறது. இன்னும் கந்தன் நட்டதாகவே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அடுத்து "கொல்லை" வரக்கூடும். "ஆளை" வந்ததும்தான் உடைகிறது. நட்டவன் அந்த ஆள். கந்தனைப் பிரித்தெடுத்துக் கடைசிவரை கையில் வைத்திருந்து "திட்டினான்" உடன் சேர்க்க வேண்டும். தமிழர் இதை நொடிக்குள் செய்துவிட்டு, செய்ததே தெரியாமல் மேலே போவார். கற்பவர் "கந்தன் நட்டான், ஆளைத் திட்டினான்" என்று எடுத்துக்கொண்டு, புரிந்ததாகவே நினைத்துவிடுவார். தவறியது தெரியாமலே தவறுவதுதான் ஆபத்து.

எழுதும்போது "கந்தன்," என்று ஒரு காற்புள்ளி வைத்தால் பாதிச் சிக்கல் போகும். "வாழைக்கன்றை நட்ட ஆளைக் கந்தன் திட்டினான்" என்று மாற்றினால் முழுதும் போகும்.

இதை ஆராய்ச்சியாளர்கள் எப்படி விளக்குகிறார்கள்?

இரண்டு கட்சி. ஹரால்ட் கிளாசனும் கிளாடியா ஃபெல்சரும் 2006இல் வைத்த வாதத்தின்படி, வயதுவந்தபின் கற்றவர் வாக்கியத்தின் உள்கட்டுமானத்தை ஆழமாகக் கட்டுவதில்லை. சொற்பொருளையும் உலக அறிவையும் வைத்து மேலோட்டமாகச் சமாளிக்கிறார். ஆதாரங்களில் ஒன்று "தி சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் தி பால்கனி" போன்ற தொடர். பால்கனியில் இருந்தது வேலைக்காரியா, நடிகையா? குவெட்டோஸும் மிட்செலும் 1988இல் காட்டியபடி, ஆங்கிலேயர் அருகில் உள்ள நடிகையை எடுக்கிறார்கள், ஸ்பானியர் முதலில் வந்த வேலைக்காரியை எடுக்கிறார்கள். ஃபெல்சர் குழுவினர் 2003இல் ஆங்கிலம் நன்றாகக் கற்ற ஜெர்மானியரையும் கிரேக்கரையும் சோதித்தபோது எந்தப் பக்கமும் சாய்வு தென்படவில்லை. தமிழில் "திருவையாற்றுக்குக் குடிவந்த டீச்சரின் தங்கை" என்று எழுதினால் இதே முடிச்சு விழும். குடிவந்தது டீச்சரா, தங்கையா?

எதிர்க்கட்சி, கட்டுமானம் எல்லோருக்கும் ஒன்றுதான், வேகமும் நினைவும்தான் தடை என்கிறது. ஹோல்கர் ஹோப் போன்றவர்கள் சொல்லை நினைவிலிருந்து எடுக்கும் தாமதத்தைக் காரணம் காட்டுகிறார்கள். இயான் கன்னிங்ஸ் 2017இல், முன்னால் வந்த சொல்லை மீட்டெடுக்கும்போது அதைப் போன்ற வேறு சொல் குறுக்கிடுவதே பெரிய காரணம் என்றார்.

வகுப்பறைக்கு இரண்டாவது கட்சியே உபயோகம் என்பது எங்கள் எண்ணம். மூளையின் அமைப்பை மாற்ற முடியாது, சொல் எடுக்கும் வேகத்தைக் கூட்டலாம்.

மூளை அலையில் ஏதாவது தெரிகிறதா?

தெரிகிறது. பொருள் பொருந்தாத சொல் வந்தால் சுமார் 400 மில்லிநொடியில் ஓர் எதிர்மின் அலை எழும். குட்டாஸும் ஹில்யார்டும் 1980இல் அறிவித்தது. இலக்கணம் உடைந்தால் சுமார் 600 மில்லிநொடியில் நேர்மின் அலை. கற்பவரிடம் முதல் வகை சீக்கிரம் வந்துவிடும், இரண்டாவது வகை தேர்ச்சி கூடக் கூடத்தான் தெளிவாகும். 2004இல் வந்த ஒரு ஆய்வில், சராசரியாக 14 மணி நேரம் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்தவர்களின் மூளை உண்மையான பிரெஞ்சுச் சொல்லையும் போலிச் சொல்லையும் பிரித்தறிந்தது. அவர்களையே கேட்டால், குத்துமதிப்பாகத்தான் பதில் சொன்னார்கள்! "எனக்கு ஒண்ணுமே ஏறல" என்று சோர்ந்துபோகும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தில் குறிப்பாக எங்கே சறுக்குகிறார்கள்?

மூன்று இடங்களில்.

பெயருக்குப் பின்னால் வரும் எச்சத்தில்தான் முதல் சறுக்கல். "தி பேடி சோல்டு டு தி மில் வாஸ் வெட்" என்றால் மில்லுக்கு விற்ற நெல் ஈரமாக இருந்தது. நாம் எச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துப் பழகியவர்கள். பெயர் வந்துவிட்டால் அதன் வர்ணனை முடிந்தது என்று மனம் கணக்கு வைத்திருக்கிறது. அதனால் "சோல்டு" முற்றாகத் தெரிகிறது, "வாஸ்" வரும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிப் படிப்பார்கள். காதால் கேட்கும்போது திரும்ப முடியாது.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. தமிழில் உருபு நகராமல் இருந்தால் சொல் நகரலாம். "நாய் மனிதனைக் கடித்தது", "மனிதனை நாய் கடித்தது" இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் வரிசையே உருபு. "தி டாக் வாஸ் பிட்டன் பை தி மேன்" என்பதை அவசரத்தில் "நாய் கடித்தது" என்று எடுத்துக்கொள்வார்கள். இதில் ஆங்கிலேயருக்கும் தப்பு வரும் என்று ஃபெர்னாண்டா ஃபெரேரா 2003இல் காட்டினார், ஆகவே மாணவரை ரொம்பவும் கோபிக்க வேண்டாம்.

மூன்றாவது, "ரன்ஸ்", "கம்ஸ்" என்பதில் வரும் ஸ். விதி ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் "தி கேர்ள்ஸ் ரன்ஸ்" என்று படித்தால் கண் தடுக்காது. "அவர்கள் ஓடுகிறாள்" என்பதில் நமக்குப் பல் கூசுமே, அந்தக் கூச்சம் ஆங்கிலத்தில் இன்னும் உண்டாகவில்லை.

வெளியூரிலிருந்து வந்து தமிழ் கற்பவருக்கு எது கஷ்டம்?

ஐ உருபு வருவதைவிட, வராமல் போவதுதான். உயர்திணைச் செயப்படுபொருளுக்கு ஐ கட்டாயம். "டாக்டர் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "டாக்டரைப் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். அஃறிணையில் குறிப்பிட்ட பொருளாக இல்லாவிட்டால் உருபு போய்விடும். வயலில் நின்றுகொண்டு "நாத்து எடுத்துட்டு வா" என்றால் கொஞ்சம் நாற்று கொண்டுவா என்று பொருள். "நாத்த எடுத்துட்டு வா" என்றால் ஏற்கெனவே பறித்து முடி கட்டி வைத்திருக்கிறோமே, அதை. ஓர் அகரத்தில் இவ்வளவு. அதைத் தவறவிட்டவர் வேறு வயலுக்குப் போய் நிற்பார்.

இந்த விஷயத்தில் இந்தி, வங்காளிக்காரர்களுக்கு ஒரு வசதி. இந்தியின் "கோ" ஏறக்குறைய இதே கணக்கில், ஆட்களுக்கும் குறிப்பிட்ட பொருளுக்கும் வரும். வங்காளத்தின் "கே" பெரும்பாலும் ஆட்களுக்கு மட்டும் வரும். ஆகவே சம்பா நடவுக்கு வரும் வங்காளத்து ஆள் "டாக்டரை" என்பதையாவது வேகமாகப் பிடித்துக்கொள்ள வழி உண்டு. ஆங்கில வழியாகவே யோசிக்கும் அதிகாரி திணறுவார். பாடப்புத்தகத்தில் இந்த ஒப்புமையைச் சொல்லிவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

இன்னொன்று "ட்டு". எடுத்துட்டு, போயிட்டு, சாப்பிட்டுட்டு எல்லாம் எழுத்தில் விட்டு, கொண்டு என்று பிரிந்து கிடப்பவை. "போயிட்டு வர்றேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தவர், எப்போது திரும்பி வருவீர்கள் என்று வாசலில் நின்று கேட்பார். கிளம்புகிறேன் என்பதே அதன் பொருள். இதைப் பிரிக்காமல் முழுத் துண்டாகவே பழக வேண்டும்.

எழுத்துத் தமிழ் முதலிலா, பேச்சுத் தமிழ் முதலிலா?

பேச்சு. மொழியியலாளர் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு (பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு இன்னொரு வடிவம்) என்று விவரித்த நிலைமை தமிழுக்கும் பொருந்தும், ஆனால் தமிழ் கற்க வந்தவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரியும். வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது நம் தரங்கம்பாடியில்தான். இரண்டையும் ஒரே பாடத்தில் கலப்பது குழப்பும். பேச்சில் ஆறு மாதம், பிறகு பேருந்துப் பலகை, ரேஷன் அட்டை, செய்தித்தாள் தலைப்பு என்று எழுத்துக்கு வருவது நல்லது. தமிழ்க் குழந்தையும் இந்த வரிசையில்தான் வருகிறது.

சௌராஷ்டிரமோ மராத்தியோ வீட்டில் பேசும் கும்பகோணம், தஞ்சாவூர்க் குடும்பங்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழியா?

பெரும்பாலும் இல்லை. பிறந்ததிலிருந்து தெருவில் தமிழும் வீட்டில் இன்னொன்றும் கேட்டு வளர்ந்தால் இரண்டுமே முதல் மொழிதான். சோதனைக்கு ஆள் எடுக்கும்போது "தாய்மொழி எது?" என்று மட்டும் கேட்டால் இவர்களைத் தவறான குழுவில் போட்டுவிடுவீர்கள். எந்த வயதில் தமிழ் கேட்க ஆரம்பித்தீர்கள், இப்போது ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

வயது தாண்டினால் வராதா?

லென்னபெர்க் 1967இல் பருவமெய்தும் வயதை எல்லையாக வைத்தார். 2018இல் ஹார்ட்ஷோர்ன் குழுவினர் சுமார் 6,70,000 பேரின் இணைய வினாத்தாளை வைத்து, இலக்கணம் கற்கும் திறன் 17 வயதுவரை குறையாமல் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் கணக்கிட்ட விதத்தில் தகராறு உண்டு. 40 வயதில் ஆரம்பிப்பவருக்கு உச்சரிப்பும் நுண்ணிய இலக்கணமும் முழுதாக வராமல் போகலாம், வாக்கியத்தைப் புரிந்துகொள்வது வரும்.

நம் அரசு அறிவிப்புகள் தமிழருக்கே ஏன் புரிவதில்லை?

எழுவாய்களை அடுக்கிவிட்டு வினைகளைத் தள்ளிப் போடுவதால். "ராமு சீதா கண்ணன் வாங்கிய வண்டியை ஓட்டியதைப் பார்த்தான்" என்பதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் மூன்று பேரை வினை இல்லாமல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நெல்சன் கோவன் 2001இல் சொன்ன கணக்குப்படி ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைப்பது நாலு துண்டுகள்தான். "கண்ணன் வாங்கிய வண்டியைச் சீதா ஓட்டியதை ராமு பார்த்தான்" என்று திருப்பிப் போடுங்கள். அதே சொற்கள், அதே பொருள், ஒவ்வொரு ஆளும் தன் வினைக்குப் பக்கத்தில். பயிர்க் காப்பீட்டு அறிவிப்பு எழுதுபவர் இந்த ஒன்றைச் செய்தாலே போதும்.

எவ்வளவு சொல் தெரிந்தால் வாக்கியம் ஓடும்?

உதவியில்லாமல் படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூவும் நேஷனும் 2000இல் கண்டது. 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஒரு பத்தியில் 100 சொல்லை எண்ணுங்கள். தெரியாதது இரண்டுக்குள் இருந்தால் அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம். ஐந்துக்கு மேல் போனால் வேறு புத்தகம் எடுங்கள். அகராதியைப் புரட்டிக்கொண்டே படித்தால் ஆற்றுநீர் நின்றுவிடும்.

கல்லூரிப் பிராஜெக்ட்டுக்கு இதைச் சோதனையாகச் செய்ய முடியுமா?

முடியும். ஒரு லேப்டாப் போதும், சைக்கோபை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சொற்கள் கோடுகளாக மறைந்திருக்கும். ஸ்பேஸ் பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்து மறையும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நின்றார் என்று பதிவாகும். 24 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம். இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒருவர் ஒரு வாக்கியத்தின் ஒரு வடிவத்தை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். நோக்கம் வெளியே தெரியாமலிருக்க 48 வேறு வாக்கியங்களை நடுவில் கலக்க வேண்டும். மூன்றில் ஒரு வாக்கியத்துக்குப் பின் ஆம், இல்லை கேள்வி. பத்துக்கு எட்டுக்குக் கீழே சரியாகச் சொன்னவரை விலக்கலாம், ஆனால் இந்த எல்லையைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். குழுவுக்கு 30 பேராவது வேண்டும்.

ஆங்கிலத்துக்காக எழுதிய வழிமுறையை அப்படியே தமிழுக்குப் போட்டால் மூன்று இடத்தில் உதைக்கும். தண்ணீரை, திறந்தார் என்று எழுதும்போது சந்தி சேர்த்து "தண்ணீரைத்" என்று போட்டால் அடுத்த சொல் தகரத்தில் தொடங்குவது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒப்பிடும் இரண்டு வடிவத்திலும் ஒரே சந்தி வருமாறு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, நாம் அளக்க விரும்பும் வினை பெரும்பாலும் கடைசிச் சொல். கடைசிச் சொல்லில் எல்லோருமே வாக்கியத்தை முடித்துக் கட்டுவதற்காகக் கூடுதலாக நிற்பார்கள். அது எதன் தாமதம் என்று பிரிக்க முடியாது. "என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்" என்பது போல ஒரு வால் சேர்த்தால் தீரும். தாமதம் அடுத்த சொல்லுக்கு வழிந்தாலும் அங்கே பிடிக்கலாம். மூன்றாவது, தமிழ்ச் சொற்களின் நீளம் ஏகத்துக்கு மாறும். "ஆள்" என்பதையும் "வாழைக்கன்றை" என்பதையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஒரே சொல்லை இரண்டு சூழலில் வைத்து ஒப்பிடுங்கள். கற்பவர் குழுவுக்குச் சோதனைக்கு முன் ஒரு சொல்தேர்வு வைக்க மறந்தால், தாமதம் இலக்கணத்தாலா, சொல் தெரியாததாலா என்று கடைசியில் வாதாட வேண்டிவரும்.

வீட்டில் பழக என்ன செய்யலாம்?

நாளுக்கு 20 நிமிடம், எட்டு வாக்கியம். ஒருவர் பாதிவரை படித்து, உருபு வந்த இடத்தில் நிறுத்துவார். மற்றவர் மீதியை உடனே சொல்ல வேண்டும், யோசிக்க இரண்டு நொடி. சரியான சொல் வேண்டாம், சரியான வகை வினை வந்தால் போதும். அடுத்து அதே வாக்கியத்தை இயல்பான வேகத்தில் இரண்டு முறை கேட்பது. விதியை விளக்குவது கடைசியில், கேட்டால் மட்டும். நான்காவது நாளில் பழைய எட்டையும் புதிய எட்டுடன் கலக்கவும். எல்லோரும் செய்யும் தப்பு, நிறுத்தும் இடத்தை எளிதாக்குவது. "கல்லணையிலிருந்து" என்பதோடு நிறுத்தினால் எது வேண்டுமானாலும் வரலாம், பழக்கம் ஏறாது. ஊகத்தைக் குறுக்கும் உருபுக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும்.

சப்டைட்டில் போட்டுப் படம் பார்த்தால்?

கற்கும் மொழியிலேயே சப்டைட்டில் இருந்தால் உதவும். காதில் ஒட்டிக்கொண்டு வரும் சொற்களை எங்கே பிரிப்பது என்று கண் காட்டிக்கொடுக்கும். தாய்மொழியில் போட்டால் கதை புரியும், காது சும்மா இருந்துவிடும். ஐந்து நிமிடக் காட்சியை முதலில் எழுத்தோடும் மறுபடி எழுத்தில்லாமலும் பாருங்கள். இரண்டாம் முறை எந்த வாக்கியத்தில் நழுவுகிறதோ, மறுநாள் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.